ஈயத்தின் பெயர் வந்த வழி

(தில்லியில் தமிழ் அன்பர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தில்லியில் ஒருவர் உலோகத்தைப் பற்றிப் பேச வருகிறார் என்றால், மெஹ்ரோலி இரும்புத் தூணைப் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அந்தத் தூண் துருப்பிடிக்காமல் நிற்பதைப் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். அதை விட்டுவிடுகிறேன். ஜாமா மசூதிக்கு எதிரே மட்டியா மஹல் பக்கம் போனால் பிரியாணி தேக்குகள், அதாவது பெரிய அண்டாக்கள், வரிசையாக இருக்கும். வெளியே கரி படிந்த செம்பு. உள்ளே எட்டிப் பார்த்தால் வெள்ளை. நான் பேச வந்தது அந்த உள்பக்கத்து வெள்ளையைப் பற்றி. நாம் அதை 'ஈயம் பூசுவது' என்கிறோம். இந்த ஊர்க்காரர்கள் 'கலாய்' என்கிறார்கள். பூசுகிறவர் கலாய்வாலா, அல்லது கலாய்கர்.

ஈயம் பூசுவதை வைத்து வந்த சினிமா நகைச்சுவை நினைவுக்கு வந்து பின்வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்த வேலையை ஒரு தடவையாவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பாத்திரத்தை மணல் போட்டுக் காலால் சுழற்றிச் சுழற்றித் தேய்ப்பார்கள். தரையில் சின்னக் குழி, அதில் கரி, பக்கத்தில் துருத்தி. பாத்திரம் நன்றாகக் காய்ந்ததும் நவச்சாரத்தைத் தூவுவார்கள். குப்பென்று வெண்புகை எழும், கண் எரியும். சூட்டில் நவச்சாரம் சிதைந்து, செம்பின் மேல் படிந்திருக்கிற ஆக்சைடை அரித்து எடுத்துவிடுகிறது. அப்போது ஓர் ஈயக் குச்சியை உள்பக்கத்தில் இரண்டு இடத்தில் தொட்டு இழுக்க வேண்டியதுதான். உருகி ஓடுவதைப் பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்தால் பாத்திரம் முழுக்க வெள்ளை. உடனே தண்ணீரில் முக்கி எடுப்பார்கள்.

ஈயம் 232 டிகிரியில் உருகும். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். இந்த இடைவெளியில்தான் கலாய்வாலாவின் பிழைப்பே இருக்கிறது. நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த 232 டிகிரி எண்ணாகத் தெரியாது, அனுபவமாகத் தெரியும். தண்ணீர் இல்லாமல் ஈயச்சொம்பை அடுப்பில் வைத்தால் சொம்பு காணாமல் போய்விடும். கரோல் பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் அப்படிக் கரைந்துபோன சீதனச் சொம்புகள் எத்தனை என்று கணக்கெடுத்தால் தனிச் சொற்பொழிவே ஆற்றலாம்.

செம்புப் பாத்திரத்தில் புளியோ தயிரோ பட்டால் களிம்பு ஏறும். அது நஞ்சு. அதனால் செம்பில் சமைக்கிற ஊரில் எல்லாம் ஈயம் பூசியே ஆக வேண்டும். முகலாயர் சமையற்கட்டு முழுக்கச் செம்புதான். அக்பரின் அவையில் இருந்த அபுல் ஃபசல் தன் 'ஆயின்-இ-அக்பரி'யில் இதைக் கூட விடாமல் எழுதி வைத்திருக்கிறார். பாதுஷாவுக்குச் சமைக்கிற பாத்திரங்களுக்கு மாதம் இரண்டு முறை ஈயம் பூச வேண்டும், இளவரசர்கள் முதலியோருடைய பாத்திரங்களுக்கு மாதம் ஒரு முறை. பேரரசின் வரி வருமானத்தை எழுதுகிற அதே கை இதையும் எழுதுகிறது. எனக்கு அபுல் ஃபசலிடம் பிடித்ததே இதுதான்.

சரி, இத்தனை ஈயம் எங்கிருந்து வந்தது? தில்லிக்கு மேற்கே ஹரியானாவில் தோஷாம் குன்றுகளில் கொஞ்சம் வெள்ளீயத் தாது உண்டு. ஹரப்பா காலத்து வெண்கலத்துக்கு அது உதவியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் வாதிடுகிறார்கள். சத்தீஸ்கரின் பஸ்தர் காட்டில் இன்றும் கொஞ்சம் எடுக்கிறார்கள். இதைத் தவிர இந்தியா ஈயத்தில் ஏழை நாடு. ஈய வளம் கிடப்பது கடலுக்கு அப்பால். மியான்மரின் தவாய் பக்கம் தொடங்கி, தாய்லாந்தின் புக்கெட் வழியாக, மலாய் தீபகற்பத்தின் முதுகெலும்போடு இறங்கி, இந்தோனேசியாவின் பங்கா, பெலித்துங் தீவுகள் வரை ஒரே பட்டையாகப் போகிறது. கடந்த நூற்றாண்டில் உலகத்துக்கே அதிகம் ஈயம் கொடுத்த நாடு மலேசியா. அங்கே வேலைக்குப் போன நம் ஆட்கள் மலாயின் 'லொம்போங்' என்ற சொல்லை வளைத்து, ஈயச் சுரங்கத்துக்கு 'ஈயலம்பம்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

ஒரு விஷயத்தை இங்கே தெளிவாக்கிவிடுகிறேன். தமிழில் ஈயம் என்றால் இரண்டு உலோகம். வெள்ளீயம், காரீயம். பூசுகிறது வெள்ளீயம். காரீயம் நஞ்சு, ரசத்துக்கும் அதற்கும் ஆகாது. மலாயிலும் இதே ஏற்பாடுதான். 'தீமா' என்றால் ஈயம். 'தீமா பூத்தே' வெள்ளை ஈயம், 'தீமா ஹீத்தாம்' கறுப்பு ஈயம். ரோமானியர்களும் வெள்ளை ப்ளம்பம், கறுப்பு ப்ளம்பம் என்றே பிரித்தார்கள். யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள்.

ஆனால் தில்லிக்காரர் வாயில் இருக்கிற சொல் தீமா இல்லை, கலாய். இது பாரசீகத்திலிருந்து வந்தது. பாரசீகத்துக்கு அரபியிலிருந்து வந்தது. அரபியில் 'கல்ஈ', தொண்டையின் அடியிலிருந்து வரும் 'க', நடுவில் மூச்சை நெரிக்கிற 'அய்ன்'. இந்தி, உருது, பஞ்சாபி, மராத்தி, குஜராத்தி, வங்காளி எல்லாம் இதை எடுத்துக்கொண்டன. கன்னடத்திலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் உண்டு. தமிழிலும் 'கலாய் பூசுதல்' வழக்கில் இருந்தது. இன்றைய இளைஞர்கள் ஒருவரையொருவர் 'கலாய்ப்பது' வேறு. அது கலாம், கலகம் என்ற குடும்பத்துப் பழந்தமிழ் வினை. ஈயத்துக்கும் அதற்கும் உறவில்லை.

வடக்கே போனால் இன்னும் வேடிக்கை. துருக்கியில் 'கலாய்' என்றால் ஈயம். அஜர்பைஜானி, உஸ்பெக், கசாக் மொழிகளிலும் அதே சொல். துருக்கியர் ஆட்சி போன இடமெல்லாம் அதுவும் போயிற்று. பல்கேரிய, செர்பிய, அல்பேனிய மொழிகளில் 'கலாய்' இருக்கிறது. ஜார்ஜிய மொழியில் 'கலா'. கிரேக்கத்தைப் பாருங்கள். ஹோமர் காலத்திலிருந்து 'கஸ்ஸித்தெரோஸ்' என்று கம்பீரமான ஒரு சொல்லை வைத்திருக்கிற மொழி. தெருவில் ஈயம் பூசுகிறவன் வந்ததும் அவனுடைய 'கலாய்' வீட்டுக்குள் வந்துவிட்டது. போர்த்துக்கீசியர் இந்தியப் பெருங்கடலில் இதையே 'கலாயிம்' என்று எழுதினார்கள். பிரெஞ்சுக்காரர் 'கலேன்' என்றார்கள்.

இத்தனைக்கும் மூலம் எது? அரபு நிலநூலாரே ஒரு துப்பு கொடுக்கிறார்கள். 9-ஆம் நூற்றாண்டில் இப்னு குர்தாத்பிஹ், 10-ஆம் நூற்றாண்டில் அபூ துலஃப் ஆகியோர் கீழைக்கடலில் 'கலா' என்ற இடத்தைச் சொல்கிறார்கள். அங்கே ஈயச் சுரங்கம் இருக்கிறது என்றும் சொல்கிறார்கள். கலாவிலிருந்து வருவது கல்ஈ. கேட்டவுடன் சரியென்று படுகிறது. ஆனால் அரபி தெரிந்தவர் யாராவது இந்த அரங்கில் இருந்தால் இப்போதே கை தூக்குவார். ஊர்ப் பெயரை எழுதுவது 'காஃப்' எழுத்தில். உலோகத்தின் பெயரை எழுதுவது 'காஃப்' இல்லை, 'ஃகாஃப்' என்று நாம் குறிப்பிட வேண்டிய தொண்டை எழுத்தில், கூடவே ஓர் அய்ன். தமிழில் இரண்டுக்கும் ஒரே 'க' என்பதால் நமக்கு உறைப்பதில்லை. அரபிக்காரருக்கு நம் ல, ள, ழ போல அவை வேறு வேறு. அயல்மொழிப் பெயரைக் காதால் கேட்டு எழுதும்போது இந்த மாதிரி நழுவுவது உண்டு. போதாததற்கு 'கல்ஆ' என்றால் அரபியில் கோட்டை. தில்லி லால் கிலாவின் 'கிலா' அதுதான். தெரிந்த சொல்லின் சாயலில் தெரியாத ஊரின் உலோகத்தை எழுதியிருந்தால் வியப்பில்லை.

யூலும் பர்னெலும் சேர்ந்து தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி 1886-இல் வந்தது. இந்த பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சரஸ்வதி மகால் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். அச்சில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, 1882-இல் இறந்துவிட்டார். அந்த அகராதி இன்னொரு துப்பைத் தருகிறது. மலாயிலேயே ஈயத்துக்குக் 'கலாங்' என்று ஒரு பெயர் உண்டு, மூலம் அதுவாகவும் இருக்கலாம் என்கிறது. இந்தோனேசியாவில் இன்றும் தகர டப்பாவுக்குக் 'கலேங்' என்று பெயர். சிலாங்கூரில் ஈயம் ஏற்றுமதியான ஆற்றுமுகத்தில் கிளாங் என்ற ஊர் இருக்கிறது. மலேசியத் தமிழர்களுக்கு அது கிள்ளான். நம்மவர் நிறைந்த ஊர்.

என் கருத்தைக் கேட்டால், ஊர்ப் பெயரிலிருந்து வந்தது என்பதற்கே அதிக எடை கொடுப்பேன். அரபு ஆசிரியர்களே உலோகத்தையும் ஊரையும் ஒரே மூச்சில் சொல்லும்போது, வேறு இடத்தில் தேட வலுவான காரணம் வேண்டும். அந்த ஊர் எது என்பதில் அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். கெடா என்பவர் உண்டு. இன்னும் வடக்கே தாய்லாந்துப் பக்கம் தக்குவா பா என்பவரும் உண்டு.

இரண்டு ஊரிலும் தமிழனுக்கு வேலை இருந்திருக்கிறது. கெடாதான் நம் கடாரம். 1025-இல் ராஜேந்திர சோழன் கப்பற்படை அனுப்பிய கடாரம். அதற்கு 20 ஆண்டுக்கு முன்பு, ராஜராஜன் காலத்தில், அதே கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் எழுப்ப, அதற்கு ஆனைமங்கலத்தைத் தானமாக எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போய், லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் வாங்கிவிட்டன. இன்னும் பின்னால் போனால் பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் குவிந்த சரக்குகளில் காழகத்திலிருந்து வந்ததையும் சேர்க்கிறது. காழகம் என்பது கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை எழுதினார். என்ன சரக்கு என்று பாட்டும் சொல்லவில்லை, உரையும் சொல்லவில்லை. ஈயம் என்று நான் சொல்லிவிட்டால் நீங்கள் கைதட்டுவீர்கள். ஆதாரம் இல்லாமல் கைதட்டு வாங்குவது எனக்கு உவப்பில்லை.

தக்குவா பா இன்னும் சுவாரசியம். அங்கே 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அவனிநாரணம் என்ற குளத்தை வெட்டி, அதை மணிக்கிராமத்தாருக்கும் சேனாமுகத்தாருக்கும் அடைக்கலமாக்கிய செய்தி. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் விருதுப் பெயர். மணிக்கிராமம் வணிகர் குழு. கல்வெட்டில் ஈயம் என்ற பேச்சே கிடையாது. ஆனால் ஊரைச் சுற்றி இருப்பது ஈயமண். தாய் மொழியில் 'தக்குவா' என்றால் காரீயம். குளம் வெட்டி, காவலுக்கு ஆள் வைத்துத் தமிழ் வணிகர் அங்கே உட்கார்ந்தது கடற்காற்று வாங்குவதற்கு என்று நான் நம்பத் தயாரில்லை.

இனி மலாயின் சொந்தக் குடும்பத்துக்குள் போவோம். மேற்கே மடகாஸ்கர், கிழக்கே பசிபிக் தீவுகள் வரை பரவிய ஆஸ்திரோனேசிய மொழிக்குடும்பம் அது. கலாய் சம்பந்தமில்லாத மொழிகளுக்குள் போன சொல்; வழி கண்டுபிடிப்பது எளிது. உறவு மொழிகளுக்குள் ஒரு சொல் பரவினால்தான் சிக்கல். அது பாட்டி விட்டுப்போன சொத்தா, பங்காளியிடம் வாங்கிய கைமாற்றா என்று சொல்ல வேண்டும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

இரும்புக்கு மலாயில் 'பெசி'. ஜாவா மொழியில் 'வெசி', பத்தாக் மொழியில் 'போசி', மடகாஸ்கரின் மலகாசியில் 'வி'. கல்லுக்கு மலாயில் 'பாத்து', ஜாவாவில் 'வாத்து', மலகாசியில் 'வாத்து' என்பதற்கு நெருக்கமான 'வாத்தோ'. மலாயின் இந்த மெல்லிய 'ப' (b) எங்கே ஜாவாவிலும் மலகாசியிலும் 'வ' ஆகிறதோ, அங்கே இரும்பும் தவறாமல் அதே வழியில் மாறுகிறது. இப்படி ஒலி ஒழுங்காக மாறினால் பழைய சொத்து என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஆனால் ஒரு தடை. இந்த மொழிகளின் முன்னோர் தைவானிலிருந்து தெற்கே இறங்கத் தொடங்கி ஏறத்தாழ 4000 ஆண்டு ஆகிறது. தென்கிழக்கு ஆசியாவில் இரும்பு தலைகாட்டி ஏறத்தாழ 2500 ஆண்டுதான். பொருள் வருவதற்கு முன்பே பெயர் எப்படி இருக்கும்? ஆகவே குடும்பம் முழுவதற்கும் அது மூதாதைச் சொல் ஆக முடியாது. மேற்குக் கிளைகள் மட்டும் மிகப் பழங்காலத்தில் பகிர்ந்துகொண்ட சொல். பிலிப்பைன்ஸின் தகலோகில் இரும்பு 'பாக்கால்'. பெசி அங்கே ஆட்சி செய்யவில்லை.

செம்பின் கதை நம் வீட்டுக் கதை. வடமொழியின் தாம்ரம், பிராகிருதத்தில் உருமாறி, மலாயில் 'தெம்பாகா' ஆயிற்று. மலாய் வணிகர் அதைத் தீவு தீவாகக் கொண்டுபோனார்கள். பிலிப்பைன்ஸில் 'தும்பாகா'. ஸ்பானியர் அதைக் கேட்டு, பொன்னும் செம்பும் கலந்த உலோகத்துக்குத் 'தும்பாகா' என்று வைத்துக்கொண்டார்கள். அமெரிக்கக் கண்டத்தில் கொலம்பஸுக்கு முன்பு செய்த பொன்-செம்புக் கலவை நகைகளை இன்று அருங்காட்சியகங்கள் அந்தப் பெயரில்தான் குறிக்கின்றன. போர்த்துக்கீசியர் 'தாம்பாக்கா' என்றார்கள், அது ஐரோப்பாவில் 'தோம்பாக்' ஆகி, செம்பு மிகுந்த பித்தளைக்குப் பெயரானது. நம் பழைய அகராதிகளில் 'தம்பாக்கு' என்று ஒரு கலப்பு உலோகம் வருகிறது. தாமிரத்தை வைத்திருந்த தமிழ், உலகம் சுற்றி வந்த அதே தாமிரத்தைத் தம்பாக்கு என்று மறுபடி விலை கொடுத்து வாங்கியிருக்கிறது.

கடைசியாக 'பேராக்'. மலேசியாவில் ஈப்போ, தைப்பிங் இருக்கிற மாநிலம். சொல்லுக்கு வெள்ளி என்று பொருள். கெமர் மொழியில் 'ப்ராக்' என்றால் வெள்ளி, காசு. அங்கிருந்து மலாய்க்கு வந்தது என்பது பெரும்பாலோர் முடிவு. மலாய் அதைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் பங்கு போட்டுக் கொடுத்தது. ஜாவாவில் பேராக், இலோகானோவில் 'பிராக்', தகலோகில் 'பிலாக்'. வெள்ளி வணிகர் கையில் வந்த உலோகம். பெயரும் வணிகர் வாயிலேயே வந்தது.

ஆனால் பேராக் மாநிலத்தில் பேர் சொல்லும்படி வெள்ளி கிடையாது. இருந்ததெல்லாம் ஈயம். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனி அங்கே அலைந்தது ஈயத்துக்காக. 19-ஆம் நூற்றாண்டில் லாருட்டிலும் கிந்தாப் பள்ளத்தாக்கிலும் சீனர்கள் திரண்டு, குழு பிரிந்து வெட்டிக்கொண்டதும் ஈயத்துக்காக. ஈயத்தின் பளபளப்பைப் பார்த்துத்தான் வெள்ளி என்று பெயர் வந்தது என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். ஆற்றில் துள்ளும் மீனின் நிறத்தால் வந்தது என்று இன்னொன்று. மீன் விளக்கத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஏனென்றால் இதே சறுக்கல் இன்னோர் இடத்திலும் நடந்திருக்கிறது.

மடகாஸ்கருக்குப் போன மக்கள் போர்னியோவின் தென்கிழக்கிலிருந்து, இன்றைய மான்யான் மக்களின் பக்கத்திலிருந்து, கிளம்பியவர்கள். நார்வேக்காரர் ஓட்டோ டால் 1951-இல் மொழியை வைத்து இதை நிறுவினார். அந்த மலகாசியில் 'ஃபிராக்கா' என்று ஒரு சொல் உண்டு. பேராக்கில் வரும் வல்லிய 'ப' (p) அங்கே 'ஃப' ஆகும். ஜாவாவில் ஏழு 'பித்து', அங்கே 'ஃபித்தோ'. சொல் 'க்' என்று முடிந்தால் பின்னால் ஓர் 'ஆ' ஒட்டிக்கொள்ளும். பிள்ளை மலாயில் 'அனாக்', அங்கே 'சனாக்கா'. இந்த இரண்டு கணக்கையும் போட்டுப் பார்த்தால் ஃபிராக்கா என்பது பேராக்தான். ஆனால் பொருள் வெள்ளி இல்லை. ஈயம். வெள்ளிக்கு அவர்கள் 'வெள்ளை வூலா' என்று வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள், தங்கத்துக்குச் 'சிவப்பு வூலா'. பேராக் என்ற சொல் அங்கே ஒரு படி இறங்கி, காரீயத்துக்கும் வெள்ளீயத்துக்கும் பொதுப் பெயராக நின்றுவிட்டது. எத்தனை பேர் கலப்பு ஈயத்தை வெள்ளி என்று ஏமாந்து வாங்கினார்களோ, எந்த வியாபாரி அப்படிச் சொல்லி விற்றானோ.

இந்தியில் ஒருவர் குட்டு வெளிப்பட்டால் 'கலாய் குல் கயி' என்பார்கள். பூசிய ஈயம் போய்விட்டது என்று. நாம் சாயம் வெளுத்துப்போச்சு என்கிறோம். பஞ்சாபில் 'கலி' என்றால் சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு. உலோகமே போய்விட்டது, வெள்ளை மட்டும் மிச்சம். துருக்கியில் ஒருவனைக் கண்டபடி திட்டுவதற்குக் 'கலாய் அழுத்துவது' என்று ஒரு வழக்கு. ஈயம் தோண்டுகிற ஊரில் அது உலோகத்தின் பெயர். வாங்கிப் பூசுகிற ஊருக்கு வந்தபின் வேலையின் பெயராகி, நிறத்தின் பெயராகி, வசையாகவும் ஆகிவிட்டது.

எவர்சில்வர் வந்தபின் கலாய்வாலாவுக்கு வேலை குறைந்துவிட்டது. சாவ்ரி பஜாரில் ஒரு காலத்தில் செம்பும் பித்தளையுமாக இருந்த வரிசைகளில் இப்போது கல்யாணப் பத்திரிகைக் கடைகள். தேக்கு வைத்திருக்கிற சமையல்காரர்கள் மட்டும் அவரை விடவில்லை. ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். மலிவாகப் பூசித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் குச்சியைக் கையில் வாங்கிப் பாருங்கள். காரீயம் கலந்திருந்தால் குச்சி கனக்கும், வளைத்தால் சத்தம் போடாமல் வளையும். நல்ல வெள்ளீயத்தை வளைத்தால் உள்ளுக்குள் கறகறவென்று ஒரு சத்தம் வரும்.